பங்குனியில் கோடியக்கரைக் காட்டுக்குப் பூ பார்க்கப் போகலாமா? சேலத்தில் இருந்து மூன்று நாள்

அடிவாரத்துக்காரி கேட்டது:

வணக்கம். நாங்கள் சேலம், ஏற்காடு அடிவாரம் பக்கம். மார்ச் இரண்டாவது வாரத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும் போல இருக்கிறது. ஒவ்வொரு லீவுக்கும் மலை ஏறி, ஏரியைச் சுற்றி, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கி வருவதே வேலையாகப் போய்விட்டது, இந்தத் தடவை கடல் பக்கம் போகலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு.

எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி பூ. வசந்த காலத்தில் கோடியக்கரை இப்படித்தான் இருக்கும், நம் ஊர்க்காரர்களுக்கே தெரியாது என்று கீழே எழுதியிருந்தது. நான் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் வலி, ஆனால் ஊருக்குப் போகிறோம் என்று சொன்னால் எல்லோருக்கும் முன்னால் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிற ஆள். தினமும் காலையில் காபி குடிக்கும்போது, பூக்காடு என்னாச்சு என்று கேட்கிறார்.

அந்தப் படம் நிஜமா? மார்ச்சில் போனால் அங்கே பூ இருக்குமா, இல்லை வெயிலில் காய்ந்துபோய்க் கிடக்குமா? மாமியாரால் அதிக தூரம் நடக்க முடியாது, வண்டியிலேயே உள்ளே போய்ப் பார்க்க வழி இருக்கிறதா? ஏழாவது படிக்கிற பையனும் வருகிறான், அவனுக்கு மான் பார்க்க வேண்டுமாம். சொந்தக் காரில் வருகிறோம், எந்த வழி நல்லது, எங்கே தங்கலாம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கூழைக்கடா சொன்னது:

முதலில் படத்தை முடித்துவிடுவோம். அது பூவே இல்லை. சதுப்பில் முளைக்கிற உமரி. இலையே குட்டிக் குட்டியாய், சதைப்பற்றாய், உப்பை உறிஞ்சி வாழ்கிற செடி. தண்ணீர் வற்றி மண்ணில் உப்பு ஏற ஏற, பச்சையாக இருந்தது அப்படியே சிவந்துபோகும். தூரத்தில் இருந்து, அதுவும் போனில் நாலு தடவை கலர் ஏற்றி எடுத்தால், பூக்கம்பளம் மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போய் ஒரு கிளையைப் பார்த்தீர்கள் என்றால் பச்சை மிளகாய் அளவுக்குக்கூட அழகு கிடையாது. எனக்கும் இதே படம் மூன்று குரூப்பில் இருந்து வந்துவிட்டது, ஒரு குரூப்பில் அது ராமேஸ்வரம் என்று போட்டிருந்தார்கள்.

நான் சூரமங்கலம். பறவை பார்க்க வருஷம் ஒரு தடவையாவது கோடியக்கரை போகிறவன், அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பூ பார்க்க மட்டும் 300 கிலோமீட்டர் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். அந்த இடத்தின் பெருமை பறவையும் மானும். 1967-ல் அதைச் சரணாலயம் ஆக்கியதே வெளிமானைக் காப்பாற்றத்தான். 2002-ல் அந்தச் சதுப்பு நிலம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அது பறவைகளால் கிடைத்த மரியாதை. நவம்பரில் இருந்து ஜனவரி வரை பூநாரை, உள்ளான், ஆலா என்று உப்புத் தண்ணீர் முழுக்க உயிர் இருக்கும். மார்ச்சில் பாதி கிளம்பிப் போயிருக்கும், மிச்சம் கிளம்பத் தயாராக இருக்கும்.

பையனுக்கு நல்ல செய்தி: மார்ச்சில் இருந்து மான் பார்க்கச் சுலபம். வெளிமான் புதருக்குள் ஒளிகிற ஜாதி இல்லை, பெயருக்கு ஏற்ற மாதிரி திறந்த புல்வெளியில்தான் நிற்கும். நன்றாக வளர்ந்த கிடா முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. முனியப்பன் ஏரிப் பக்கம் விடியற்காலையில் போங்கள். சேலத்துக்காரனுக்கு எங்கே போனாலும் முனியப்பன் காவல் இருக்கிறார் பாருங்கள்.

வழி: நாமக்கல், முசிறி, திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்கரை. முசிறி வழியில் காவிரியை ஒட்டிப் போகிற தூரம் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்கு நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தங்குவது வேதாரண்யத்திலேயே இருக்கட்டும், அங்கே இருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். லாட்ஜ்களைப் பற்றி ரொம்பக் கனவு காண வேண்டாம். ஒரு தடவை நான் தங்கிய இடத்தில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரையே வரவில்லை, கேட்டதற்கு, கடலுக்குத்தானே சார் வந்தீங்க என்று பதில் சொன்னார்கள்.

பூமழை சொன்னது:

அம்மா, நீங்கள் அடிவாரத்தில் இருந்துகொண்டு வசந்தத்தைத் தேடி வேதாரண்யம் போகிறீர்களா? தலைக்கு மேலே இருக்கிறது.

நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரே ஒரு நல்ல மழை விழட்டும். விழுந்த நாளை நாங்கள் காலண்டரில் குறித்து வைப்போம். அதில் இருந்து ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காலையில் கதவைத் திறந்தால் காபித் தோட்டம் முழுக்க வெள்ளை. கிளையில் இலைக்கு இலை பூச்சரம் கட்டிவிட்ட மாதிரி, வாசம் மல்லிகையும் இல்லை, ஆரஞ்சுப் பூவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு, மூன்று நாள்தான். அப்புறம் பழுப்பாகிக் கொட்டிவிடும். அந்த மழை வராத வருஷம் முதலாளி முகத்தைப் பார்க்க முடியாது, குழாய் போட்டுத் தண்ணீரைத் தெளித்தாவது பூக்க வைப்பார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் இது. மாமியார் வண்டியை விட்டே இறங்க வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். பக்கத்தில் தாவரவியல் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது, அங்கே பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி வைத்திருக்கிறார்கள், பையன் மானை மறந்துவிடுவான். டீசல் காசை மிச்சம் பிடித்து என் பெயரைச் சொல்லி பிரியாணி சாப்பிடுங்கள்.

ஆத்தூர் டீச்சர் சொன்னது:

கூழைக்கடா தம்பி சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். உமரி விஷயம் சரி. ஆனால் மார்ச்சில் பூ கிடையாது என்பது பறவைக்காரர்கள் சொல்கிற கதை, அவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டு நடக்கிறவர்கள். நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள், பிள்ளைகளை இரண்டு தடவை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவை கார்த்திகையில், ஒரு தடவை பங்குனியில்.

வசந்தம் என்கிற சொல்லை முதலில் ஓரமாக வைப்போம். பனி உருகி, மண் இளகி, ஒரே வாரத்தில் தரை முழுக்கப் பூக்கிற வசந்தம் குளிர் தேசத்தின் சரக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அதனால் தரையில் முளைக்கிற சின்னச் செடிகளுக்கு மழையை ஒட்டிய மாதங்கள்தான் வசந்தம். கார்த்திகை, மார்கழியில் போனால் வேலியில் செங்காந்தள் நெருப்பு மாதிரி ஏறி நிற்கும். நம் மாநிலப் பூ அது. அங்கே கண்வலிக்கிழங்கு என்று சொன்னால்தான் புரியும், கிழங்கில் கடுமையான விஷம், பையனிடம் சொல்லி வையுங்கள். அந்தச் சின்னச் செடி எல்லாம் தை முடிவதற்குள் விதை போட்டுவிட்டுக் காய்ந்துவிடும். தரையில் கம்பளம் தேடி மார்ச்சில் போனால் சருகுதான்.

ஆனால் மரமும் புதரும் கொடியும் அப்படி இல்லை. அந்தக் காட்டை உலர் பசுங்காடு என்பார்கள். வருஷத்தில் பாதி மாதம் மழையே கிடையாது, காலுக்குக் கீழே வெறும் மணல், பக்கத்தில் உப்புக் காற்று, அப்படி இருந்தும் இலை உதிர்க்காது. ஒரு இலையைத் தொட்டுப் பாருங்கள், செருப்புத் தோல் மாதிரி தடிமனாக, மேலே மெழுகு பூசின மாதிரி இருக்கும், தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிற வித்தை அது. இந்த மாதிரிக் காடுகளில் பெரும்பாலான மரங்களும் புதர்களும் வெயில் ஏறுகிற காலத்தில்தான் பூக்கும், மாசியில் ஆரம்பித்து சித்திரை, வைகாசி வரை. கோடை முடிந்து மழை வருவதற்குள் பழம் பழுத்து, பறவையும் குரங்கும் தின்று, விதை மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

மார்ச்சில் எதை எல்லாம் தேடலாம் என்று சொல்கிறேன். களா பூத்திருக்கும். வெள்ளை நட்சத்திரம், கிளையில் இரண்டாகப் பிரிந்த முள், முகர்ந்து பார்க்க ஆசைப்பட்டுக் கன்னத்தைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். காட்டுமல்லி புதர் மேல் படர்ந்து கிடக்கும். நிலக்குமிழ் மஞ்சளாய், வாய் திறந்த மாதிரி தொங்கும். மோதிரக்கண்ணி என்று ஒரு கொடி, அதுவும் மஞ்சள் பூ, அதன் தண்டில் சுருண்டு இருக்கிற கொக்கி அச்சு அசலாக மோதிரம், பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். எல்லாவற்றுக்கும் மேல் எனக்குப் பிடித்தது காசா. சங்கப் பாட்டில் வருகிற காயா இதுதான் என்பார்கள். இலைக் கக்கத்திலும், இலையே இல்லாத பழைய கிளையிலும் குட்டிக் குட்டி நீலப் பூ கொத்தாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மயில் கழுத்து நிறம். பூத்து இரண்டு நாள் ஆனால் மரத்தடி மணல் நீலமாகிக் கிடக்கும். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அதுதான் நிஜமான கம்பளம், ஆனால் ஒரு கட்டில் அளவுக்குத்தான் இருக்கும். நம் சேர்வராயன் மலைச் சரிவிலும் காசா உண்டு, யாரும் நின்று பார்ப்பதில்லை. சரக்கொன்றை வேண்டும் என்றால் சித்திரைக்குப் போங்கள்.

கடற்கரை மணலில் அடம்பங்கொடி இருக்கும். ஆட்டுக் குளம்பு மாதிரி இலை, ஊதா கலந்த ரோஜா நிறப் புனல் பூ. அதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், உச்சி வெயிலில் சுருண்டுவிடும்.

பூமழை தம்பி, காபிப் பூ அழகுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அது நட்டு வளர்த்த தோட்டம். காட்டில் பூப்பதைத் தேடிப் போகிறவளைத் தோட்டத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது.

பூமழை சொன்னது:

டீச்சரிடம் யார் வாதாடுவது. ஒப்புக்கொண்டேன். பிரியாணி யோசனை மட்டும் அப்படியே நிற்கட்டும்.

உப்புக்காற்று சொன்னது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து கடை வைத்து 14 வருஷம் ஆகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பேச்சு என்றால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

டீச்சர் ஒரு மரத்தை விட்டுவிட்டார். பாலை. அந்தக் காடே பாலை மரக் காடுதான். சப்போட்டாவுக்குச் சொந்தக்கார மரம், கட்டை இரும்பு மாதிரி. சின்ன வயதில் கோடை லீவு விட்டால் எங்களுக்குப் பாலைப்பழம்தான் தின்பண்டம். வேப்பம்பழத்தை விடக் கொஞ்சம் தடித்திருக்கும், மஞ்சள், வாயில் போட்டால் அப்படி ஒரு இனிப்பு. நாலு பழத்துக்கு மேல் தின்றால் அதில் இருக்கிற பால் உதட்டில் ஒட்டிப் பசை மாதிரி ஆகிவிடும், பேச்சே வராது. எங்கள் அம்மா உதட்டைப் பார்த்தே யார் காட்டுக்குப் போய்விட்டு வந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் மார்ச்சில் போனால் பழம் இருக்காது, அதற்கு வெயில் இன்னும் ஏற வேண்டும். மரத்தையாவது பாருங்கள், காற்று அடித்து அடித்து எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் ஊரைத்தான் கடந்தது. நூறு வருஷத்து மரம் எல்லாம் வேரோடு போயிற்று. தென்னை போனதைப் பேப்பரில் போட்டார்கள், காடு போனதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. மான்கள் நிறையச் செத்துப்போயின. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரோட்டில் நின்று பார்த்தால், முன்னால் காடு மறைத்த இடத்தில் வானம் தெரிந்தது. அதற்கு அப்புறம் தளிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பழைய படங்களைப் பார்த்துவிட்டு அந்த அடர்த்தியை எதிர்பார்க்க வேண்டாம். விழுந்த இடத்தில் எல்லாம் சீமைக்கருவேலம் முந்திக்கொண்டு வரப் பார்க்கிறது. அதன் காயை மாடும் மட்டக்குதிரையும் தின்று, போகிற இடமெல்லாம் சாணியோடு விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. அதுவும் மஞ்சள் பூ பூக்கிற மரம்தான், வாட்ஸப்காரர்கள் அதையும் வசந்தம் என்று போட்டாலும் போடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மாமியாரைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். வேதாரண்யத்தில் இருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை வரை தார் ரோடு, காட்டை ஒட்டியே போகும். உள்ளே எந்தப் பாதையில் வண்டி விடுகிறார்கள் என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது, வனத்துறை ஆபீஸில் முதலில் போய்க் கேளுங்கள், கூட வருகிற ஆள் கிடைத்தால் காசு பார்க்காமல் அழைத்துப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்த பூவும் மூலிகையும் யாருக்கும் தெரியாது. ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, டீச்சர் பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற பழக்கம் எல்லாம் அங்கே செல்லாது. ராமர் பாதம் ஒரு மணல்மேடு, அந்தப் பகுதியிலேயே உயரமான இடம் அதுதான். உயரம் என்றதும் ஏற்காட்டுக் கணக்கில் பயந்துவிடாதீர்கள், நாலு மீட்டர் இருக்கும். மாமியார் கையைப் பிடித்து ஏறிவிடலாம்.

மாசி மகத்தில் வேதாரண்யம் கோயில் திருவிழா, ரூம் கிடைக்காது. அமாவாசை அன்றைக்குக் கோடியக்கரையில் தீர்த்தமாட வருகிற கூட்டம் இருக்கும், தை, ஆடி அமாவாசை என்றால் ரோடே தெரியாது. தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது, அதில் பத்து நிமிஷம் நில்லுங்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் இருந்து தொண்டர்களோடு கிளம்பி நடந்து வந்து, ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிக் கைதான ராஜாஜி உங்கள் ஊரில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அவர் நடந்து வந்த தூரத்தை நீங்கள் ஏசி போட்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவீர்கள். அங்கே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளையாக் குவித்து ஓலை மூடி வைத்திருப்பார்கள். கார் வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு தகவல், 2023 ஏப்ரலில் இருந்து திருத்துறைப்பூண்டி, அகஸ்தியம்பள்ளி ரயில் மறுபடி ஓடுகிறது.

கடைசியாக ஒன்று. மாமியாருக்குப் பூ வேண்டும், அவ்வளவுதானே? எங்கள் பக்கம் மணல் நிலத்தில் முல்லை போடுவார்கள். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் காலை ஐந்தரைக்குப் போனால் ஆண் பெண் எல்லோரும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பனமரத்துப்பட்டி அரளித் தோட்டம் மாதிரிதான், ஆனால் வாசம் இருக்கும். இது காட்டுப் பூ இல்லை என்று டீச்சர் மறுபடி அடிக்க வரக் கூடாது.

ஆத்தூர் டீச்சர் சொன்னது:

வர மாட்டேன். பாலையை விட்டது என் தப்பு. நோட்டில் ஒட்டுவதைப் பற்றிச் சொன்னதும் சரிதான், இரண்டாவது தடவை போனபோது வனக் காவலர் என் முன்னாலேயே ஒரு பையன் பையைத் திறந்து எல்லாவற்றையும் கீழே கொட்டச் சொன்னார், எனக்கு முகமே இல்லை.

அடிவாரத்துக்காரி சொன்னது:

அடேயப்பா, ஒரு கேள்விக்கு இவ்வளவு பதிலா. எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உமரி என்றதும் மாமியார் முகம் வாடியது, காசா என்றதும் மறுபடி நிமிர்ந்தது. போகிறோம். ஒரே ஒரு சந்தேகம், முதல் நாளே காட்டுக்குப் போகலாமா, இல்லை மறுநாள் காலையா?

கூழைக்கடா சொன்னது:

ஏழு மணி நேரம் வண்டியில் வந்துவிட்டு அன்றைக்கே போனால் எல்லோரும் எரிச்சலில் இருப்பீர்கள், மானும் உங்களைப் பார்த்து ஓடும். மதியம் வந்து சேருங்கள், சாயங்காலம் கடற்கரையில் நின்று காற்று வாங்குங்கள். கரை அங்கே கையை மடக்கின மாதிரி திரும்பும், ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை, ஒரே இடத்தில் நின்று இரண்டு கடலைப் பார்க்கலாம். மறுநாள் ஆறு மணிக்கு வனத்துறை வாசலில் நில்லுங்கள், ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். தின்பண்டத்தைக் கையில் வெளியே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள், குரங்கு இருக்கிறது.

அடிவாரத்துக்காரி சொன்னது:

போய்விட்டு நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன், அதனால் துணி துவைக்கிற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

போகும்போது முசிறி வழி. காவிரியில் தண்ணீர் நூல் மாதிரி ஓடியது, மணல்தான் அதிகம். லாட்ஜ் கூழைக்கடா அண்ணா சொன்ன லட்சணம்தான், நாங்கள் தங்கிய இடத்தில் தண்ணீர் நன்றாக வந்தது, ஆனால் மின்விசிறி ராத்திரி முழுக்க ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம்.

மறுநாள் ஆறேகாலுக்கு உள்ளே போனோம். கூட வந்த பெரியவர் பேச்சே கிடையாது, கையைத்தான் காட்டுவார். புல்வெளியில் முதலில் மட்டக்குதிரைகள், அதற்கு அப்புறம் வெளிமான், எண்ணினால் இருபதுக்கு மேல். நடுவில் ஒரு கறுப்புக் கிடா, தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகில் படுகிற மாதிரி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோட தாய்மாமன் மாதிரி நடந்து போனது. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பூ. முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பச்சை, சருகு, மணல், அவ்வளவுதான். மனதுக்குள் பூமழை அண்ணா பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று ஓடியது. மாமியார்தான் முதலில் நின்றார். நடக்க முடியாமல் நின்றாரோ என்று நினைத்தேன். மூக்கைத் தூக்கி, இங்கே ஏதோ பூத்திருக்கு என்றார். பெரியவர் திரும்பிப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். பத்தடி தள்ளிக் களாப் புதர், உள்ளே முழுக்க வெள்ளை. ஒவ்வொரு பூவும் என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, இதழ் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, சில மொட்டு நுனியில் ரோஜா நிறம் தீட்டின மாதிரி. தேனீ ஒன்று ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்கு நடந்தே போனது, பறக்கவில்லை. மாமியார் பிறந்தது சங்ககிரிப் பக்கம் ஒரு கரட்டோர ஊர், அங்கே களாக்காய் பறித்து உப்புப் போட்டுத் தின்றதாகச் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

அதற்கு அப்புறம் கண் பழகிவிட்டது டீச்சர். நிலக்குமிழ் பார்த்தேன். மோதிரக்கண்ணி பார்த்தேன், பையன் அந்தக் கொக்கிக்குள் விரலை விடப் போனான், பெரியவர் ஒரு முறை முறைத்தார். காசா ஒரு மரம்தான் கிடைத்தது, அதுவும் மொட்டு, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று கையால் சைகை காட்டினார். நீலம் பார்க்காமல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடம்பங்கொடியைக் காலையில் பார்த்த அதே இடத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம், எல்லாப் பூவும் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தது. பாலை மரத்தடியில் விழுந்து கிடந்த பழைய அடிமரம் ஒன்றைப் பெரியவர் தட்டிக் காட்டினார், கஜா என்றார். அந்த அடிமரத்துப் பக்கத்திலேயே முழங்கால் உயரத்துக்குத் தளிர்.

உமரியையும் பார்த்தோம். வண்டியை நிறுத்தி, மாமியாரை இறக்கி, இதோ உங்கள் பூக்காடு என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். மாமியார் குனிய முடியாமல் குனிந்து பார்த்துவிட்டு, கீரைன்னு சொன்னா ஆக்கிச் சாப்பிடலாமே, இதுக்குப் போயா பூன்னு போட்டான் என்றார்.

உப்புக்காற்று சொன்னது:

சாப்பிடலாம்தான் அம்மா, உமரிக்கீரை ஆய்ந்து வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு ஆக்குவார்கள், உப்பு போடவே வேண்டாம். முல்லைத் தோட்டம் போனீர்களா இல்லையா?

அடிவாரத்துக்காரி சொன்னது:

போனோம் அண்ணா, கிளம்புகிற அன்றைக்குக் காலையில். இப்போதுதான் பூக்க ஆரம்பித்திருக்கிறதாம், பாதிச் செடியில் மொட்டே இல்லை. பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா காசு வாங்காமல் இரண்டு கை மொட்டு அள்ளி மாமியார் முந்தானையில் போட்டார். திருச்சி தாண்டும்போது வண்டி முழுக்க வாசம், நாமக்கல்லில் எல்லாம் விரிந்துவிட்டது. மாமியார் அதில் கொஞ்சத்தைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டே, வெயில் ஏறினா பாலைப்பழம் பழுக்கும்னு அந்தத் தம்பி எழுதினாரே, பையனுக்கு எப்போ லீவு விடறாங்கன்னு கேளு என்கிறார்.